பிழை வழியில் திரும்பத் திரும்ப வரும் வரிகள்: லினக்ஸ் நெட்வொர்க் டிரைவர்களை முன்வைத்து

போன வாரம் ஒரு நண்பர் தன்னுடைய முதல் கர்னல் பேட்ச்சை அனுப்புவதற்கு முன்னால் எனக்குக் காட்டினார். ஒரு பழைய ஈதர்நெட் டிரைவர். பாக்கெட்டை வெளியே அனுப்பும் ஃபங்ஷனில் மூன்று இடங்களில் அதே மூன்று வரிகள் இருந்தன: கைவிட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டு, பாக்கெட்டின் பஃபரை விடுவி, 'ஓகே' சொல்லித் திரும்பு. (பாக்கெட் போகவில்லை, பிறகு ஏன் 'ஓகே'? 'பிஸி' என்று சொன்னால் மேலே இருக்கும் அடுக்கு அதே பஃபரைத் திரும்ப அனுப்பப் பார்க்கும். அதைத்தான் நாம் விடுவித்துவிட்டோமே.) நண்பர் அந்த ஒன்பது வரிகளையும் எடுத்துவிட்டு, ஃபங்ஷனின் கடைசியில் 'டிராப்' என்று ஒரு லேபிள் வைத்து, மூன்று இடங்களிலிருந்தும் அங்கே கோ-டூ போட்டிருந்தார். அடைப்புக்குறிகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஐந்து வரி மிச்சம்.

"சரியா இருக்காண்ணா?"

"அனுப்பாதீங்க" என்றேன். நெட்வொர்க்கிங் பராமரிப்பாளர்களுக்கு இந்த மாதிரி சுத்தப்படுத்தும் பேட்ச் பிடிக்காது என்று ஒரு பொதுவான காரணத்தையும் சொன்னேன். அவர் விடவில்லை. "கர்னலோட கோடிங் ஸ்டைல் ஆவணத்துலயே இப்படித்தானே எழுதச் சொல்லியிருக்காங்க?" நியாயமான கேள்வி. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இந்தக் குறிப்பு அந்தப் பதிலைத் தேடிப் போனதில் எழுதியது.

முதலில் ஆவணம். லினக்ஸ் கோடிங் ஸ்டைலின் ஏழாவது பகுதி, ஒரு ஃபங்ஷனுக்குப் பல இடங்களில் வெளியேறும் வழி இருந்து, வெளியேறும்போது பொதுவாகச் சில வேலைகள் செய்ய வேண்டியிருந்தால் கோ-டூ வைத்து ஒரே இடத்தில் செய்யுங்கள் என்கிறது. டைக்ஸ்ட்ரா 1968-ல் கோ-டூவைக் கண்டித்து எழுதியதையும், கனூத் 1974-ல் அதற்கு நிதானமான பதிலாக ஒரு நீண்ட கட்டுரை எழுதியதையும் படித்தவர்களுக்கு இது பழைய சண்டை. கர்னல் உலகத்தில் அந்தச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. ஆவணம் தரும் காரணங்கள் எளிமையானவை: நிபந்தனை இல்லாத வரிகளைப் படிப்பது சுலபம், உள்ளுக்குள் உள்ளாக அடுக்குவது குறையும், ஒரு வெளியேறும் இடத்தை மாற்றி இன்னொன்றை மறந்துவிடும் தவறு வராது. கடைசியாக, கம்பைலருக்கு வேலை மிச்சம் என்று ஒரு கண்சிமிட்டலோடு சொல்கிறது.

அந்தக் கண்சிமிட்டலுக்குக் காரணம் உண்டு. ஜிசிசி -ஓ2 அளவிலேயே, ஃபங்ஷனுக்குள் வால் பகுதி ஒரே மாதிரி இருக்கும் துண்டுகளைத் தானே ஒன்றாக்கிவிடும். கர்னல் சாதாரணமாக அந்த அளவில்தான் கம்பைல் ஆகிறது. அதனால் என் நண்பரின் பேட்ச் மாதிரியானவை இறுதியில் வரும் பைனரியை மாற்றாமலே போகலாம். ஆக, இடம் மிச்சம், வேகம் என்கிற வாதங்களை இங்கேயே ஓரமாக வைத்துவிடலாம். மிஞ்சுவது படிப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்விதான்.

படிப்பவருக்குக் கிடைப்பது என்னவென்று பார்க்க, ஒரு நெட்வொர்க் டிரைவரின் ப்ரோப் ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு கண்டுபிடிக்கப்பட்டதும் முதலில் ஓடுவது அது. பிசிஐ சாதனத்தை இயக்கு, அதன் முகவரிப் பகுதிகளைக் கேட்டு வாங்கு, நெட்வொர்க் சாதனத்துக்கான கட்டமைப்பை ஒதுக்கு, பதிவேடுகளை முகவரி வெளியில் மேப் செய், கடைசியாக கர்னலிடம் பதிவு செய். ஐந்து படி ஏறுகிறோம். நான்காவது படியில் வழுக்கினால் மூன்று, இரண்டு, ஒன்று என்று அதே வரிசையில் இறங்க வேண்டும். இண்டெலின் இ1000 டிரைவரின் ப்ரோப் கடைசியில் இருக்கும் லேபிள் வரிசை அப்படியே ஓர் ஏணி. எந்தப் படியில் நின்றாலும் அதற்குரிய லேபிளுக்குத் தாவினால் கீழே இருக்கும் படிகள் எல்லாம் தானாக வரும். இங்கே கோ-டூ இல்லாமல், ஒவ்வொரு தோல்வி இடத்திலும் முழு இறக்கத்தையும் எழுதியிருந்தால், நடுவில் ஆறாவதாக ஒரு படி சேர்க்கிறவர் அதற்குப் பிறகு வரும் எல்லா இடங்களையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்றை மறப்பார். நிச்சயமாக மறப்பார்.

ஆனால் இண்டெல் ஏணியில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. லேபிள்களின் பெயர்கள் எங்கே தோற்றோம் என்பதைச் சொல்கின்றன, என்ன செய்யப் போகிறோம் என்பதைச் சொல்லவில்லை. ஈதர்நெட் சாதனத்தை ஒதுக்குவதில் பிழை என்ற லேபிளுக்குக் கீழே நடப்பது பிசிஐ பகுதிகளை விடுவிப்பது. சரிதான், அந்த ஒதுக்கீடே தோற்றுவிட்டதால் அதற்கு முந்தையதிலிருந்துதான் இறங்க வேண்டும். ஆனால் புதிதாகப் படிப்பவர் ஒவ்வொரு லேபிளிலும் ஒரு படி கழித்துக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. கோடிங் ஸ்டைல் ஆவணம் இதற்கு நேர் எதிராக, லேபிள் என்ன செய்கிறது என்று பெயரிலேயே தெரியட்டும், ஜிடபிள்யூ-பேசிக் காலத்து மாதிரி எண் போடாதீர்கள் என்கிறது. இந்த விஷயத்தில் ஆவணம் பக்கம்தான் நான்.

ஏணி நன்றாக வேலை செய்வதற்கு என்ன காரணம்? வரிகள் குறைந்ததாலா? இல்லை என்று நினைக்கிறேன். 'இந்த இடத்தில் நம் கையில் என்னென்ன இருக்கிறது' என்ற அறிவு ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே மாதிரி தெரியும் வரிகளை ஒன்றாக்குவதும், ஒரே நிலையை ஒரே இடத்தில் எழுதுவதும் வேறு வேறு வேலைகள். முதலாவதைக் கண்ணால் பார்த்தே செய்துவிடலாம். இரண்டாவதற்கு டிரைவரைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுமன் சாஹா, ஜூலியா லாவல், ஜில் முல்லர் மூவரும் 2011-ல் எல்சிடிஇஎஸ் மாநாட்டில், லினக்ஸ் கர்னலில் ஒவ்வொரு நிபந்தனைக்குள்ளும் பிரதி எடுத்து எழுதப்பட்ட பிழை கையாளும் நிரலை, கடைசியில் லேபிள் வைத்துத் தொகுக்கும் வடிவத்துக்குத் தானாக மாற்றும் முறை ஒன்றை முன்வைத்தார்கள். (லாவல், முல்லர் இருவரையும் காக்சினெல் என்ற கருவி மூலம் கர்னல் ஆட்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரியும்.) அருமையான பொறியியல். ஆனால் நிரலின் நடத்தையை மாற்றாமல் வடிவத்தை மட்டும் மாற்றுவது என்றால், உள்ளே இருக்கும் பிழையும் மாறாமல் அப்படியே வரும். மறந்துபோன விடுவிப்பு மறந்தபடியே, ஆனால் இப்போது அழகான வடிவத்தில் இருக்கும்.

அதே குழுவினர் மற்றவர்களோடு சேர்ந்து 2013-ல் எழுதிய ஹெக்டர் பற்றிய கட்டுரை எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. ஹெக்டர் விடுபட்ட விடுவிப்புகளைக் கண்டுபிடிக்கும் கருவி. அதன் யோசனை எளிது: ஒரே ஃபங்ஷனுக்குள் ஒரு பிழை வழி ஒரு வளத்தை விடுவிக்கிறது, அந்த வளத்தைக் கையில் வைத்திருக்கும் இன்னொரு பிழை வழி விடுவிக்கவில்லை என்றால், இரண்டாவது சந்தேகத்துக்குரியது. லினக்ஸிலும் வேறு சில பெரிய மென்பொருள்களிலுமாக 300-க்கும் மேற்பட்ட பிழைகளை இப்படிப் பிடித்தார்கள். கவனியுங்கள், இங்கே சாட்சி சொல்வது நாம் அழிக்க நினைக்கும் அந்தப் பிரதிகள்தான். முதல் கட்டுரை பிரதிகளைத் தொகுக்கச் சொல்கிறது, இரண்டாவது அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரே கையிலிருந்து வந்த இரண்டு யோசனைகள். என் பார்வையில் வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் ஒப்பிடு, அப்புறம் தொகு.

இதைப் படித்ததும் நண்பரின் பேட்ச்சைத் திரும்பத் திறந்தேன். மூன்று தோல்வி இடங்களும் உண்மையிலேயே ஒன்றா? முதலாவது, பாக்கெட்டைத் துண்டுகள் இல்லாத ஒரே பஃபராக மாற்றும் முயற்சி தோற்கும் இடம். கையில் பாக்கெட்டைத் தவிர எதுவும் இல்லை. இரண்டாவது, பாக்கெட்டின் தலைப்பகுதியை டிஎம்ஏவுக்காக மேப் செய்வது தோற்கும் இடம். இங்கேயும் எதுவும் இல்லை. மூன்றாவது, துண்டுகளோடு வரும் பாக்கெட்டின் துண்டுகளை ஒவ்வொன்றாக மேப் செய்யும் சுழற்சியின் உள்ளே. அங்கே நிற்கும்போது தலைப்பகுதி ஏற்கெனவே மேப் ஆகிவிட்டது. இரண்டு துண்டுகளும் ஆகியிருக்கலாம். அவற்றை மேப்பிலிருந்து நீக்க வேண்டும். பழைய நிரல் நீக்கவில்லை. பாக்கெட் பஃபரை மட்டும் விடுவித்துவிட்டுக் கிளம்பியது.

அந்தப் பிழை நண்பரின் பேட்ச்சுக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது. ஆனால் முன்பு மூன்று இடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு 'மூன்றாவதில் ஏதோ குறைகிறதே' என்று தோன்ற வாய்ப்பு இருந்தது. மூன்றும் ஒரே லேபிளுக்குப் போன பிறகு, மூன்றும் ஒரே நிலை என்று நிரலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். மேப்பிங் கசிவு உடனே தெரியாது. மேப் செய்வது தோற்பதே அபூர்வம். ஆனால் இடைப் பஃபர் வழியாக டிஎம்ஏ நடக்கும் கணினியில், அந்தப் பஃபர் நிரம்பும்போதுதான் மேப் தோற்கும். தோற்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கசியும். நெரிசல் வந்த பிறகு நெரிசலைக் கூட்டும் பிழை இது.

இதே கேள்வியைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்க்க ஒரு நல்ல உதாரணம் ரியல்டெக் 8139. 2000-களில் நம்மூர் அசெம்பிள் பிசிக்களைத் திறந்தவர்கள் அந்தச் சின்ன பச்சை அட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதே சிப்புக்கு ஃப்ரீபிஎஸ்டியில் ஆர்எல் டிரைவர், லினக்ஸில் 8139டூ டிரைவர். (ஆர்எல் டிரைவரின் தொடக்கக் குறிப்பில் பில் பால் இந்தச் சிப்பைத் திட்டியிருப்பதைத் தனியாகவே படிக்கலாம்.) ஃப்ரீபிஎஸ்டி டிரைவரில் ஏணியே கிடையாது. இணைக்கும் ஃபங்ஷன் எங்கே தோற்றாலும் ஒரே லேபிள், அங்கிருந்து நேராகப் பிரிக்கும் ஃபங்ஷனை அழைக்கிறது. அதாவது, சாதாரணமாகக் கார்டைக் கழற்றும்போது ஓடும் அதே நிரல். பிரதி எடுப்பது ஃபங்ஷனுக்குள் மட்டும் இல்லாமல் ஃபங்ஷன்களுக்கு இடையிலும் ஒழிந்துவிட்டது. இதற்கு விலை என்னவென்றால், பிரிக்கும் ஃபங்ஷன் தான் இரண்டு நிலைகளிலும் அழைக்கப்படுவேன் என்று தெரிந்து நடந்துகொள்ள வேண்டும். அதன் மேலே இருக்கும் குறிப்பு இதை வெளிப்படையாகச் சொல்கிறது. உள்ளே ஒவ்வொரு வளத்துக்கும் 'இது நம்மிடம் இருக்கிறதா?' என்ற சோதனை. சிப்பை நிறுத்துவது போன்ற வேலைகள், இணைப்பு முழுமையாக முடிந்திருந்தால் மட்டும்.

லினக்ஸ் 8139டூவும் ஒரு பொதுவான சுத்தப்படுத்தும் ஃபங்ஷனை வைத்திருக்கிறது. தோல்வியிலும் அதுதான், நீக்கும்போதும் அதுதான். ஆனால் அதற்குள் பிசிஐ பகுதிகளை விடுவிக்கும் வரி நிபந்தனை இல்லாமல் ஓடுகிறது, நம்மிடம் பகுதிகள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற குறிப்போடு. பரவாயில்லையா? இல்லாத பகுதியை விடுவிக்கப் போனால் கர்னல் லாகில் ஓர் எச்சரிக்கை வரும். இன்னொரு பக்கம், சாதனத்தை அணைக்கலாமா என்பதை நினைவில் வைக்க ஒரு தனி மாறி. நிலை ஏணியில் இல்லை, அதனால் ஒரு கொடியாகத் திரும்பி வந்திருக்கிறது. நிலை எங்கேயாவது எழுதப்பட்டே ஆக வேண்டும், அதை மட்டும் ஒழிக்க முடியாது. இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஃப்ரீபிஎஸ்டி டிரைவர் நேர்மையானது என்பேன். சோதனைகளை மறைக்காமல் எழுதியிருக்கிறது.

நான் ஏன் இதில் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், ஒரு முறை சூடு பட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் வேலை பார்த்த ஓர் இடத்தில், கர்னல் மரத்துக்கு வெளியே இருந்த ஒரு டிரைவரைப் பராமரித்தேன். இண்டர்ஃபேஸைத் திறக்கும் ஃபங்ஷனின் பிழை வழியும், மூடும் ஃபங்ஷனும் முக்கால்வாசி ஒன்றாக இருந்தன. முப்பது வரி பிரதி. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. திறப்பது தோற்றால் மூடும் ஃபங்ஷனையே அழைத்துவிடு என்று மாற்றினேன். ரிவ்யூவில் பாராட்டு வேறு. இண்டரப்ட் கிடைக்காத ஒரு பலகையில் அது ஓடியபோதுதான் தெரிந்தது. மூடும் ஃபங்ஷன் நாப்பியை முடக்கியது. திறப்பது பாதியில் தோற்றதால் நாப்பி இன்னும் இயக்கப்படவே இல்லை. இயக்கப்படாத நாப்பியை முடக்கச் சொன்னால், அது ஒருபோதும் வராத ஒரு கணத்துக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கையில் ஆர்டிஎன்எல் பூட்டு. அப்புறம் அந்தக் கணினியில் எந்த நெட்வொர்க் இண்டர்ஃபேஸையும் ஏற்றவோ இறக்கவோ முடியாது. கட்டளை அடித்தால் அது அப்படியே தொங்கும். ஒரு கார்டின் இண்டரப்ட் பிரச்சினை, வேறு கார்டு வழியாக உள்ளே வந்து சரிசெய்வதையும் முடக்கிவிட்டது. சீரியல் கேபிளோடு லேபில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள் ஆனது. பழைய முப்பது வரியில் அந்த நாப்பி வரி இல்லை. 'விடுபட்டுப்போச்சு' என்று நான்தான் நினைத்துக்கொண்டேன். வேண்டுமென்றே விட்டிருந்தார்கள்.

பிழை வழிகள் ஏறக்குறைய ஓடுவதே இல்லை என்பதால்தான் இந்த மாதிரித் தவறுகள் இவ்வளவு நாள் உயிரோடு இருக்கின்றன. ஒதுக்கீடுகளை வேண்டுமென்றே தோற்கடிக்கும் வசதி கர்னலிலேயே உண்டு. ஆனால் சுத்தப்படுத்தும் பேட்ச் அனுப்புபவர்களில் அதை ஓட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. நிறைய பேரிடம் அந்தக் கார்டே இருக்காது. 'கம்பைல் மட்டும் செய்து பார்த்தேன்' என்ற வரியோடு வரும். நெட்டெவ் ஆவணம், வேறு வேலையின் பகுதியாக இல்லாத தனிச் சுத்தப்படுத்தல்களை வரவேற்கவில்லை என்று எழுதி வைத்திருப்பதன் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது. பலனைவிட அலைச்சல் அதிகம் என்பது அவர்கள் வாதம். புதியவர்களுக்கு இது முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரி தோன்றலாம். எனக்கும் முதலில் தோன்றியது.

2014 பிப்ரவரியில் ஆப்பிளின் டிஎல்எஸ் நிரலில் வெளியான பிழையை இந்த விவாதத்தில் எல்லோரும் இழுப்பார்கள். 'ஃபெயில்' லேபிளுக்குப் போகும் கோ-டூ வரி தவறுதலாக இரண்டு முறை வந்து, கையெழுத்துச் சரிபார்ப்பே நடக்காமல் போனது. கோ-டூ கெட்டது என்பதற்கு அதைச் சாட்சியாகக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த லேபிள் வெற்றிக்கும் தோல்விக்கும் பொதுவான வாசல். தாவும்போது பிழை எண் பூஜ்யமாக இருந்தது, அதனால் 'ஃபெயில்' வழியாகப் போனது வெற்றியாக வெளியே வந்தது. நெட்வொர்க் டிரைவர்களில் இதன் தம்பிகள் ஏராளம்: பிழை எண்ணை வைக்காமலே லேபிளுக்குத் தாவும் இடங்கள். டான் கார்ப்பென்டரின் ஸ்மாட்ச் கருவி இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறது. பிரதிகளை லேபிளுக்கு நகர்த்தும்போது, 'மைனஸ் இ-நோமெம்' என்று நேரடியாகத் திருப்பிய வரி காணாமல் போய், மாறியில் பழைய பூஜ்யம் தங்கிவிடுவது இந்த வகைப் பேட்ச்சுகளில் நடக்கக்கூடிய முதல் விபத்து.

சரி, மொழியே இதைச் செய்யட்டுமே என்ற தரப்பும் உண்டு. 2007-லிருந்து டெவ்எம் வகை ஃபங்ஷன்கள் இருக்கின்றன. சாதனம் பிரிக்கப்படும்போது வளங்கள் தாமாகத் தலைகீழ் வரிசையில் விடுபடும். 2023-ல் 6.5 பதிப்பில் பீட்டர் ஜைல்ஸ்ட்ரா, கம்பைலரின் கிளீனப் பண்பை வைத்து, மாறி தன் எல்லையைத் தாண்டும்போதே விடுவிக்கும் வசதிகளைக் கொண்டுவந்தார். பிழை வழியில் எழுத எதுவுமே இல்லாமல் ஆக்கலாம். நெட்டெவ் இதிலும் சந்தேகத்தோடுதான் நிற்கிறது. பூட்டைத் தானாகத் திறக்கும் வசதியை 20 வரிக்கு மேற்பட்ட ஃபங்ஷனில் தவிர்க்கச் சொல்கிறது. மெமரியைத் தானாக விடுவிக்கும் குறியை டிரைவர்களில் நேரடியாகப் போடுவதையும் ஊக்குவிப்பதில்லை.

இதில் நான் பாதி உடன்படுகிறேன். டெவ்எம் விஷயத்தில் அவர்கள் பயம் உண்மையானது. இண்டரப்ட்டை டெவ்எம் வழியாக வாங்கிவிட்டு, நெட்வொர்க் சாதனக் கட்டமைப்பை நீக்கும் ஃபங்ஷனில் கையால் விடுவித்தால், இண்டரப்ட் அதற்குப் பிறகுதான் விடுபடும். இடையில் ஒரு இண்டரப்ட் வந்தால் விடுவிக்கப்பட்ட மெமரியைத் தொடும். வரிகள் குறைந்தன, வரிசை கண்ணிலிருந்து மறைந்தது. ஆனால் ஒரே ஃபங்ஷனுக்குள் பிறந்து அங்கேயே சாகும் தற்காலிக பஃபருக்குக் கூட அதே கண்டிப்பு தேவையா? அங்கே நிலை ஒன்றே ஒன்றுதான், மறைய எதுவும் இல்லை. ஃபர்ம்வேருக்கு ஒரு கட்டளை அனுப்ப ஒதுக்கும் பஃபருக்காக ஐந்து கோ-டூ எழுதச் சொல்வது பழக்கத்தின் பிடிவாதமாகத்தான் எனக்குத் தெரிகிறது. கோ-டூவையும் தானியங்கி விடுவிப்பையும் ஒரே ஃபங்ஷனில் கலக்காதீர்கள் என்று அந்த வசதியின் சொந்த ஆவணமே சொல்வதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.

நண்பரிடம் இதையெல்லாம் ஃபோனில் சொன்னபோது கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தார். "அப்போ மூணாவது இடம் பக்-கா?" என்றார். ஆமாம். இப்போது அவருடைய பேட்ச் வேறு மாதிரி இருக்கிறது. முதல் இரண்டு இடங்களைத் தொடவில்லை. மூன்றாவதில், இதுவரை மேப் ஆனதைத் தலைகீழாக நீக்கும் ஒரு சுழற்சி, அதற்குத் தன் வேலையைச் சொல்லும் பெயரில் ஒரு லேபிள். பிழை எந்த கமிட்டில் நுழைந்தது என்று தேடி 'ஃபிக்ஸஸ்' குறிப்பும் சேர்த்துவிட்டார். திருத்தம் என்பதால் நெட்-நெக்ஸ்டுக்கு இல்லாமல் நெட் மரத்துக்குப் போகும். வரிக் கணக்கில் எட்டு வரி கூடியிருக்கிறது. அனுப்பவில்லை இன்னும். அந்தக் கார்டு ஒன்று பழைய சாமான் கடையில் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறார்.